மாதா இறங்கிக் கொடுத்த வண்டி

ஆவணி மாதம். குறுவை பழுத்து நின்ற நேரம். திருக்காட்டுப்பள்ளியிலிருந்து வேளாங்கண்ணிக்கு நடக்க நாற்பது பேர் கோவில் வாசலில் கூடினோம். சுமார் நூற்றிருபது கிலோமீட்டர். முன்னால் ஒரு மாட்டு வண்டி. அதில் மூங்கில் கட்டி, காகிதப் பூ சுற்றி, சிறிய சப்பரம் ஜோடித்து, மாதா சொரூபத்தை நிறுத்தியிருந்தோம். வண்டியும் மாடும் மரியசூசையுடையவை. ஏழு ஏக்கர் சொந்த நிலம் உள்ளவர். வருடா வருடம் இந்தப் பயணத்தை நடத்துகிறவர். கழக ஆட்சி வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. டீக்கடைப் பேச்செல்லாம் நில உச்சவரம்பு, குத்தகை, அறுப்புக் கூலி என்றே இருந்தது. ஏழு ஏக்கருக்கு உச்சவரம்பு வராது என்று யார் சொல்லியும் அவருக்குக் கலக்கம் போகவில்லை.

வழக்கமாக விடியற்காலையில் தியானம் சொல்லும் உபதேசியாருக்குக் காய்ச்சல். அதனால் அந்த வேலை என் தலையில் விழுந்தது. பள்ளிக்கூடத்தில் தையல் சொல்லிக் கொடுக்கிற எனக்கு ஊசி பிடித்துப் பழக்கம், பிரசங்கம் பழக்கமில்லை. "கிறிஸ்துவைப் பின்செல்வது" என்று ஒரே பொருளை வைத்துக்கொண்டு, நாளுக்கு ஒரு சிந்தனை சொல்வதாக ஒப்புக்கொண்டேன்.

முதல் நாள் காவிரிக் கரையோடு கண்டியூர் வந்து தஞ்சாவூரை அடைந்தோம். பின்செல்வதென்றால் எதையாவது விட்டுவிட்டுப் புறப்படுவது என்று அன்று காலையில் சொல்லியிருந்தேன். எல்லாரும் தலையாட்டினார்கள். ஆனால் ஆளுக்கு இரண்டு மூட்டை இருந்தது. மரியசூசையின் மனைவி லூர்துமேரி ஊறுகாய் ஜாடியைக் கூட விடவில்லை.

இரண்டாம் நாள் அம்மாப்பேட்டையில் டீ பதினைந்து பைசா. இஞ்சி தட்டிப் போட்டுக் கொடுத்த கடைக்காரர் எங்கள் காவித் துணியைப் பார்த்துவிட்டு, "கொரடாச்சேரிக்கு அங்கிட்டு ஜாக்கிரதையா போங்க. மிராசுதாருங்க அறுப்புக்கு வெளியூர் ஆள இறக்கப் பாக்கறாங்க. உள்ளூர்க்காரங்க கூலி கேட்டு செங்கொடிய நட்டு வச்சிட்டு உக்காந்திருக்காங்க" என்றார்.

"நமக்கென்ன, மாதாவைத் தூக்கிட்டுப் போறோம். யாரு மறிக்கப் போறா?" என்றார் மரியசூசை.

அன்று நீடாமங்கலத்தில் தங்கினோம். என் கால் கொப்புளத்தை ஊசியால் குத்தி நீர் எடுத்தேன். அந்த ஒரு விஷயத்தில் என் தொழில் எல்லாருக்கும் பயன்பட்டது.

மூன்றாம் நாள் மத்தியானம் கொரடாச்சேரியைத் தாண்டினோம். சாலையின் இருபுறமும் கதிர் சாய்ந்து கிடந்தது, அறுக்க ஆளில்லை. அந்தப் பக்கத்து மிராசுதார் ஒருவரின் அரிசி மில்லில்தான் வருடந்தோறும் எங்களுக்குத் தங்கலும் சாப்பாடும். இன்னும் இரண்டு மைல் நடந்தால் சுடுசோறு என்ற நினைப்பில் எல்லாரும் கால் வீசி நடந்தோம்.

அப்போது வயல் வரப்பில் ஒருவன் ஓடி வந்து வண்டிக்கு முன்னால் நின்றான். பெயர் முத்துக்கண்ணு, அடுத்த சேரிக்காரன். மூச்சு வாங்கியது.

"ஐயா, எம் பொஞ்சாதிக்கு காலையிலேருந்து வலி. புள்ள திரும்பி இருக்குன்னு மருத்துவச்சி கைய விரிச்சிட்டா. திருவாரூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவணும். மதகுல மிராசுதார் ஆளப் போட்டு எங்க தெரு வண்டி எதையும் வெளிய விட மாட்டேங்கறாரு. ஒங்க சப்பரத்த மறிக்க மாட்டாங்க. கும்புட்டுக் கேக்கறேன்."

மரியசூசை மாட்டின் கயிற்றை இழுத்துப் பிடித்தார். கூட்டத்தில் ஒருவர், "மில்லுக்காரர் காதுக்குப் போனா இனிமே நமக்கு அங்க இடமில்ல" என்றார். இன்னொருவர் மெல்லிய குரலில், "சேரிக்குள்ள வண்டிய விடறதா?" என்றார். அதுதான் பலருடைய மனதில் இருந்தது. ஞானஸ்நானம் வாங்கித் தலைமுறைகள் ஆகியும் எங்கள் தெரு எது, அவர்கள் தெரு எது என்பதை நாங்கள் மறக்கவில்லை.

"வண்டி கொடுக்கலாம், தம்பி. ஆனா மாதாவை எங்க இறக்குறது?" என்றார் மரியசூசை.

ஊறுகாய் ஜாடியை இடுப்பில் வைத்திருந்த லூர்துமேரி முன்னால் வந்தாள். கணவரை எதிர்த்து அவள் பேசி நான் கேட்டதே இல்லை.

"ஏங்க, புள்ளயப் பெத்தெடுக்க வலியோட வாசல் வாசலா நின்னு இடம் கேட்டவ இந்த மாதா. ஒரு புள்ளத்தாச்சிக்கு இறங்கி இடம் விட்டா கோவிச்சுக்குவாளா?"

மரியசூசை தலைப்பாகையை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு மூங்கில் முடிச்சுகளைத் தானே அவிழ்த்தார்.

பத்துப் பன்னிரண்டு பேர் சப்பரம் இல்லாத பயணம் என்னத்துக்கு என்று முன்னால் நடந்துவிட்டார்கள். மீதிப் பேர் சேரிக்குள் போனோம். மாதா சொரூபத்தை முத்துக்கண்ணுவின் குடிசையில் நெல் இல்லாத குதிருக்குப் பக்கத்தில் வைத்தோம். அவன் மனைவி அஞ்சலையை நாலு பெண்கள் பாயோடு தூக்கி வைக்கோல் பரப்பிய வண்டியில் கிடத்தினார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். என் கையைப் பிடித்த பிடியில் வளையல் உடைந்தது.

மதகடியில் குறுக்கே ஒரு மூங்கில். தடியோடு நாலைந்து பேர். நாங்கள் வண்டியைச் சூழ்ந்து ஜெபமாலை சொல்லிக்கொண்டே நடந்தோம்.

"வண்டியில சாமியக் காணோம்? உள்ள யாரு?" என்றான் ஒருவன்.

"பிரசவக்காரி. திருவாரூர் போறோம்."

"அந்தத் தெரு ஆளுங்களை விடக் கூடாதுன்னு உத்தரவு. சாயங்காலம் முதலாளி மில்லுலதானே தங்கணும் நீங்க? யோசிச்சுக்குங்க."

மரியசூசை நிற்கவில்லை. "தங்கலை. அவருகிட்டயே சொல்லிடு. வண்டி என்னுது, மாடு என்னுது. மறிக்கிறதுன்னா என்னை மறி."

அப்போது அஞ்சலை அலறினாள். தடிக்காரர்களில் வயதானவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "எடுறா அதை" என்று அவனே மூங்கிலைத் தூக்கினான். முத்துக்கண்ணுவும் லூர்துமேரியும் வண்டியோடு போக, மரியசூசை மாட்டை விரட்டினார். எங்களை மேற்கொண்டு விடவில்லை, சேரிக்கே திரும்பி வந்தோம்.

வேலைநிறுத்தம் தொடங்கியதிலிருந்து அந்தத் தெருவில் பல வீடுகளில் ஒரு வேளை அடுப்புதான். எங்கள் மூட்டை அரிசியையும் அவர்கள் பறித்து வந்த கீரையையும் சேர்த்து ஒரே பானையில் கஞ்சி காய்ச்சினோம். எங்களில் இரண்டு பேர் பசியில்லை என்றார்கள். பானை இறங்கியபோது அவர்களும் வந்து உட்கார்ந்தார்கள். அந்தத் தெருப் பெண்கள் சொரூபத்துக்குப் பூவரசம் பூ வைத்து, "இந்த அம்மாவுக்கு என்ன பாட்டு?" என்று கேட்டுப் பாடிப் பார்த்தார்கள்.

மறுநாள் விடிந்தது. சிலுவையைப் பற்றிப் பேச நிறைய யோசித்து வைத்திருந்தேன். தெருவே வந்து உட்கார்ந்துவிட்டது. எல்லார் கண்ணும் மதகுப் பக்கமே இருந்தது. "நேத்து நாம போக நினைச்ச வழி வேற. ஆண்டவர் கூட்டிட்டு வந்த வழி வேற" என்று மட்டும் சொன்னேன்.

வெயில் ஏறும்போது வண்டிச் சத்தம் கேட்டது. எல்லாரும் எழுந்து ஓடினோம். மரியசூசை கண் சிவந்து இறங்கினார்.

"பொம்பளப் புள்ள. ரெண்டு உசுரும் பத்திரம். லூர்து அங்கேயே இருக்கா."

தெரு முழுக்கக் குலவைச் சத்தம். அவர் வாய்க்காலில் முகம் கழுவி வந்து, குடிசை வாசலில் உட்கார்ந்து, "கஞ்சி இருக்கா?" என்றார். ஒரு பெண் தயங்கித் தயங்கி ஈயச் சட்டியை நீட்டினாள். வாங்கிக் குடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் கேட்டார்.

சாலை வரைக்கும் சொரூபத்தை அந்தப் பெண்களே சுமந்து வந்து வண்டியில் வைத்தார்கள். திருவாரூரில் லூர்துமேரி சேர்ந்துகொண்டாள். அங்கிருந்து கீழ்வேளூர், நாகப்பட்டினம். பிறகு தென்னந்தோப்புகளுக்கு மேலே வெள்ளைக் கோபுரம், அதற்குப் பின்னால் கடல். முன்னால் போனவர்கள் மணலில் உட்கார்ந்திருந்தார்கள். சிலர் எங்களோடு பேசினார்கள், சிலர் பேசவில்லை. மெழுகுவர்த்தி ஏற்றினேன். எனக்காக என்ன கேட்க வந்தேன் என்பது ஞாபகத்துக்கு வரவில்லை.

மரியசூசை வண்டியை ஓட்டிக்கொண்டு முன்னதாகவே புறப்பட்டிருந்தார். நாங்கள் நாகப்பட்டினத்திலிருந்து ரயிலில் திரும்பினோம். கொரடாச்சேரி பக்கத்து வயல்களில் பெண்கள் வரிசையாகக் குனிந்து அறுத்துக்கொண்டிருந்தார்கள். கூலி முடிவாகிவிட்டது என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். கொடி வரப்பிலேயே இருந்தது.

அடுத்த ஞாயிறு எங்கள் கோவிலில் பூசை. நடுப்பாதைக்கு வடக்கே எங்கள் தெரு, தெற்கே காலனிக்காரர்கள். யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை. யாரும் மீறியதும் இல்லை. மணி அடித்த பிறகு மரியசூசை உள்ளே வந்தார். வழக்கமான இடத்துக்கு வரவில்லை. நேராகத் தெற்குப் பக்கம் போய் ஒரு குடும்பத்தின் அருகில் தரையில் உட்கார்ந்தார். அந்தக் குடும்பம் பதறி நகர்ந்தது, அவர் அசையவில்லை. லூர்துமேரி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்து, பாதையைக் கடந்து அவருக்குப் பின்னால் போனாள்.

வழியெல்லாம் பின்செல்வதைப் பற்றிப் பேசியவள் நான். வடக்குப் பக்கத்துக் கண்களெல்லாம் முதுகில் பட, நானும் எழுந்தேன்.