அம்மா ஒரு கல்லு உப்பு போடல

நேத்து காலேஜ் குரூப்ல எவனோ ஒரு வீடியோ போட்டிருந்தான். ஏதோ பெரிய பிள்ளைங்க ஆஸ்பத்திரி. செவுத்துல யானை, ஒட்டகச்சிவிங்கி. பெத்தவங்க உக்கார பஞ்சு மாதிரி சோபா. "நீங்களும் எங்க குடும்பம்தான்"னு ஒரு பொம்பள குரல் தேனா ஊத்துது. எல்லாரும் ஹார்ட்டின் வுட்டிருந்தாங்க. நான் பாதிலயே நிறுத்திட்டேன் மச்சி. அந்த பினாயில் வாசனை அப்டியே மூக்குல ஏறிடுச்சு. போன்ல எங்க இருந்து வாசனை வரும்னு லாஜிக் பேசாத.

அப்ப எனக்கு பதினோரு வயசு, தம்பி முத்துவுக்கு அஞ்சு. ஒரு நாள் காலைல அவன் கண்ணு ரெண்டும் தொறக்கல. மூஞ்சி பன்னு மாதிரி உப்பிக் கெடக்குது. நான் இன்னா பண்ணேன் தெரியுமா? "டேய் குண்டா"ன்னு சிரிச்சேன். அறிவு அவ்ளோதான். ரெண்டு நாள்ல காலு, வயிறுன்னு எல்லாம் வீங்கிடுச்சு. பொன்னேரி டாக்டர் பாத்துட்டு, கிட்னில இருந்து சத்து ஒழுகுது, இதுக்குன்னே படிச்ச டாக்டர் வேணும்னு சொல்லி சென்னைக்கு எழுதிக் குடுத்துட்டாரு.

அங்க சீட்டு போடுறவரு ஊரு பேர கேட்டதும், "பழவேற்காடா? டச்சுக்காரன் கல்லறை இருக்குதே, பிக்னிக் வந்திருக்கேன், நண்டு சூப்பரா இருக்கும்"ன்னாரு. புள்ள மூச்சு வாங்கிக்கினு நிக்குது, இந்தாளுக்கு நண்டு.

வார்டுக்குள்ள ஒரு ஆள்தான், அதுவும் அம்மாதான். நைனா வெளிய காம்பவுண்டு ஓரம் துண்ட விரிச்சிக்கினு கெடந்துச்சு. ஸ்கூலுக்கு மட்டம் போட்டு வந்த நான் உள்ளயும் வெளியயும் பூந்து பூந்து வருவேன். அம்மா பேசுறத ஆஸ்பத்திரி தமிழுக்கு மாத்தி சொல்றது என் வேல. அதுல ஒரு பெரும வேற, நாய் மாதிரி வாலாட்டிக்கினு.

எங்க அம்மா ஏரில எறா புடிக்கும், அதான் இறாலு. வலை கெடையாது, படகு கெடையாது. தண்ணில குந்திக்கினு, ஓலைக்கூடைய வாயில கவ்விக்கினு, சேத்துல ரெண்டு கையயும் வுட்டு தடவித் தடவி புடிக்கும். அந்தக் கை எப்டி இருக்கும்? அறுப்பு, வெடிப்பு, நகத்துல போகாத கருப்பு. ஒரு சிஸ்டர் மூக்க சுளிச்சிக்கினு, "கைய டெட்டால்ல கழுவிட்டு புள்ளைய தொடும்மா"ன்னாங்க. அம்மா கழுவுச்சு. தோலு உரியற வரைக்கும் கழுவுச்சு.

உப்பு ஒரு கல்லு கூடாதுன்னு டாக்டர் சொன்னாரு. இன்னா குடுக்கணும்னு ஒரு பேப்பர் குடுத்தாங்க. ஓட்ஸ், ஆப்பிள், பனீர். எங்க வூட்ல பனீர். படிச்ச மண்டைங்க. நீங்க இன்னாதான் சாப்புடுவீங்கன்னு ஒருத்தன் கேக்கல.

வீக்கம் வடிஞ்சு ஊருக்கு வந்தோம். பத்தே நாள், திரும்பவும் உப்பிட்டான். மறுபடி அதே வார்டு, அதே டாக்டர்.

"உப்பு குடுத்தியா?"

"இல்ல சார். ஒரு கல்லு போடல."

"பொய் சொல்லாத." என் பக்கம் திரும்புனாரு. "பாப்பா, நீ படிக்கிற புள்ள. நீ சொல்லு."

நான் சொன்னேன். "அம்மாவுக்கு சரியா புரிஞ்சிருக்காது சார்."

அம்மா என்ன ஒரு தடவ பாத்துச்சு. திட்டல. திட்டி இருக்கலாம்.

அன்னியில இருந்து அம்மா ஊட்டக் கூடாது, வார்டு ஆயாதான் ஊட்டுவாங்கன்னு ஆர்டர். அம்மாவ வார்டுக்கு வெளிய உக்கார வெச்சிட்டாங்க. ஒரு வாரத்துல வீக்கம் வடியலன்னா கிட்னில ஊசி வுட்டு சதை எடுத்துப் பாக்கணும்னாங்க. ஆயா ஊட்டுனா முத்து வாயே தொறக்கல. பல்ல கடிச்சிக்கினு கதவையே பாத்துக்கினு இருப்பான். ரெண்டு நாளு.

மாடிப்படிக்கு கீழ ஒரு டேபிள். "குடும்ப உதவி"ன்னு அட்டைல எழுதி ஒட்டியிருக்கும். அங்க ஒரு அக்கா வேர்க்கடலை கொறிச்சிக்கினு உக்காந்திருப்பாங்க. அம்மா அழுவுறத பாத்துட்டு கூப்ட்டாங்க. இந்த தடவ நான் வாயே தொறக்கல.

"ஊர்ல முத்துவுக்கு இன்னாம்மா குடுத்தீங்க? மொதல்ல இருந்து சொல்லுங்க."

"கஞ்சிம்மா. தொட்டுக்க காஞ்ச எறா. அது இல்லாம கஞ்சி எறங்காது அவனுக்கு."

"கருவாடா? அதுல உப்பு இருக்குமே."

"கருவாட்டுக்கு உப்பு போடுவாங்கம்மா. எறாவுக்கு எதுக்கு? கரையிலயே அடுப்பு வெச்சு அவிச்சி, மணல்ல காயப்போடுவோம். அவ்ளோதான்."

"அவிக்க தண்ணி?"

"ஏரித்தண்ணிதான்."

அந்த அக்கா கடலைய கீழ வெச்சாங்க. "அந்த தண்ணி வாயில பட்டா எப்டிம்மா இருக்கும்?"

"கரிக்கும்…" அம்மா பாதில நிறுத்திடுச்சு. "நாங்க போடலையேம்மா. அது தண்ணிலயே கீதே." அப்புறம் தலையில அடிச்சிக்கிச்சு, ரெண்டு கையாலயும்.

கடல் வந்து கலக்குற ஏரி அது. எங்க ஊர்ல எல்லாரும் அப்டிதான் அவிப்பாங்க. போட்டாதான் உப்பு. தானா இருக்குறத யாரு கணக்குல எடுப்பா?

அந்த அக்கா மேல போயி சொல்லிட்டு வந்தாங்க. டாக்டர் "ஓ"ன்னாராம். அவ்ளோதான், ஒரு "ஓ". பொய் சொல்லாதன்னு சொன்ன வாயில இருந்து ஒரு மன்னிப்பு வெளிய வரல. நான் மட்டும் இன்னா, அம்மாகிட்ட கேட்டுட்டேனா? ரூல்ஸ் பேசுறேன். அம்மாவ உள்ள வுட்டாங்க, முத்து சாப்ட்டான், அந்த வாரமே வீக்கம் எறங்குச்சு. ஊசி வேண்டாம்னுட்டாங்க.

ரெண்டு வருசம் மாத்திரை. இப்ப அவன் ப்ளஸ் டூ, வாலிபால் ஆடுறான், எல்லாம் சாப்புடலாம்னு டாக்டரே சொல்லியாச்சு. போன வருசம் கடைசி செக்கப்புக்கு நான்தான் இட்டுக்கினு போனேன். மாடிப்படிக்கு கீழ தொடுதிரை மெஷின் ஒண்ணு நிக்குது. உதவிக்கு ஒண்ண அமுக்கணுமாம். அந்த அக்கா எங்கன்னு கேட்டேன். யாருன்னே ஒருத்தனுக்கும் தெரியல. த்தூ.

வூட்ல அம்மா இன்னும் சமைக்குது, ஆனா முத்து தட்டுல மட்டும் கைய வெக்காது. "நீ போடுடி"ன்னு கரண்டிய என்கிட்ட நீட்டிடும். அன்னிக்கு ஒரு நாள் அவன் விளையாட்டா வாய தொறந்து காட்டி, "மா, ஒரு வாய் ஊட்டேன்"ன்னான். அம்மா கைய முந்தானைல தொடைச்சிக்கினு, "ஒனக்குதான் கை கீதே"ன்னுட்டு எழுந்து போயிடுச்சு.