விளக்கடித் தட்டில் வந்த மின்சாரம்

போன வாரம் செமினியில் இருக்கும் என் வீட்டுக் கூரையில் சோலார் பலகைகளைப் பொருத்திவிட்டு இறங்கியவர் கைப்பேசியை நீட்டினார். "இந்த ஆப்ல பாருங்க அங்கிள், எவ்வளோ கரண்ட் வருதுன்னு காட்டும்லா."

"முள்ளு இல்லையா?" என்று கேட்டுவிட்டேன்.

"என்ன முள்ளு அங்கிள்?"

மீட்டர் முள்ளைத்தான் சொன்னேன். நானும் ஒருமுறை வெயிலில் மின்சாரம் எடுத்தவன் என்றால் அவர் நம்பவா போகிறார்? நீங்களாவது சிரிக்காமல் கேளுங்கள்.

அப்போது சுங்கை வே என்ற ஊரில் ஒரு பிளாட்டில் இருந்தோம். கல்யாணமாகி ஓராண்டுகூட ஆகவில்லை, நான் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். என் மனைவி தேவி வேலைக்குப் போவாள், நான் வீட்டில் சோறு வடிப்பேன். அவள் ஒரு வார்த்தை குறையாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. உருப்படியாக எதையாவது செய்து அவளிடம் காட்டியே ஆகவேண்டும் என்று கிடந்தேன்.

செம்பைச் சுட்டு உப்புத்தண்ணீரில் வைத்தால் வெயிலில் மின்சாரம் வரும் என்று எங்கோ படித்திருந்தேன். செம்புக்கு எங்கே போவது? சாமி விளக்குகளுக்கு அடியில் கிள்ளானில் வாங்கிய சின்னச் செம்புத் தட்டுகள் இரண்டு இருந்தன. ஒன்றை எடுத்து அடுப்பில் வைத்துக் கன்னங்கரேலென்று சுட்டேன். சட்டியை அடுப்பில் மறந்துவிட்டது போன்ற அந்த வாடை இன்னும் மூக்கில் இருக்கிறது. ஆறியதும் கருப்பு பொரிந்து உதிர்ந்தது. அடியில் செங்கல் நிறத்தில் ஒரு பூச்சு. வேலை செய்வதே அந்தப் பூச்சுதான். அதை அப்படியே வைத்துவிட்டுக் கடைக்குப் போனேன்.

அன்று வியாழக்கிழமை என்பதை மறந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை விளக்குக்காக எங்கள் வீடுகளில் பித்தளை, செம்பு எல்லாம் புளியில் குளிக்கும் நாள். திரும்பி வந்தபோது, செங்கல் பூச்சு போய், வேலையிலிருந்து வந்திருந்த தேவியின் கையில் தட்டு பளபளத்தது.

"யாரு இதை அடுப்புல வச்சது? கை வலிக்கத் தேச்சேன்."

விஷயத்தைச் சொன்னேன். அவளே அடுப்பைப் பற்றவைத்துத் தட்டை மேலே வைத்தாள். "எவ்வளோ நேரம் வைக்கணும், சொல்லுங்க."

காலையில் ஜன்னலோரம் உப்புத்தண்ணீரில் சுட்டது ஒன்றும் சுடாதது ஒன்றுமாக இரண்டு தட்டுகளும் ஒட்டாமல் நின்றன. இரண்டிலிருந்தும் ஒயர் இழுத்து என்னிடமிருந்த பழைய மீட்டரில் மாட்டினேன். அந்த வெள்ளிக்கிழமை விளக்குகள் வெறும் பலகையில். வெயில் பட்டதும் மீட்டர் முள் ஒரு துளி நகர்ந்தது.

"இவ்வளோதானா?"

"இவ்வளோதான்."

டார்ச் பல்புகூட எரியாது. ஆனால் அவள் கையால் வெயிலை மறைத்தாள், முள் இறங்கியது. கையை எடுத்தாள், ஏறியது. மறுபடியும் மறைத்தாள். அன்று அவளுக்குப் பஸ் போய்விட்டது. அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன் இருந்ததில்லை.

அப்புறம் எனக்கு வேறு வேலை கிடைத்தது. வீடு மாறியபோது மீட்டர் தொலைந்தது. தேவி போய் இது மூன்றாவது வருஷம். வெள்ளிக்கிழமை விளக்கை நான்தான் ஏற்றுகிறேன். புளி வீட்டில் இருக்கிறது, தேய்க்கத்தான் மனம் வரவில்லை. அடுப்பில் வைக்காமலே இரண்டு தட்டுகளும் கறுத்துவிட்டன.