சந்திரவல்லி கண்ட கரைகள்

சந்திரவல்லி முதன்முதலாகக் கடலைப் பார்த்தபோது அவளுக்கு வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. பார்த்ததும் அவள் வாயிலிருந்து வந்த வார்த்தை இதுதான்: "என்னங்க இது, நம்ம கம்மா மாதிரில்ல கெடக்கு."

அவள் பிறந்தது குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டத்துக் கூலிக்காரர் லயத்தில். வாழ்க்கைப்பட்டதும் அங்கேதான். ஒரு அடைமழைக் காலத்தில் சரிவில் மண் பெயர்ந்து அவள் புருஷன் கண்ணுச்சாமி போய்விட்டான். அதற்கப்புறம் மலையில் இருக்க மனம் ஒப்பாமல் போடிக்கு இறங்கி வந்து, ஏலக்காய் மூட்டைகள் அடுக்கிய ஒரு கிட்டங்கியில் காய் பொறுக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். புடைக்கிற சொளகை மடியில் வைத்துக்கொண்டு, பச்சை மாறாத ஏலக்காயை ஒரு பக்கமும் வெளுத்ததை ஒரு பக்கமுமாகப் பிரித்துத் தள்ளுவாள். வருஷங்கள் அப்படியே ஓடின.

கிட்டங்கிக்கு மூட்டை ஏற்றிவரும் மாட்டுவண்டிக்காரர் பால்சாமி. காய்ச்சலில் பெண்டாட்டியைப் பறிகொடுத்தவர். பேச்சு குறைவு. ஒருநாள் மூட்டையை இறக்கிவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் முன்னால் வந்து நின்றார்.

"எனக்கும் ஆளில்ல, ஒனக்கும் ஆளில்ல. சேந்து இருந்துக்கிருவமா?"

அவள் சொளகிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மாட்டை அடிக்காத மனுசரா இருந்தா யோசிக்கலாம்" என்றாள். அவர் வண்டியில் சாட்டையே கிடையாது என்பது அவளுக்கு ஏற்கெனவே தெரியும்.

புருஷனை இழந்தவள் மறுதாலி வாங்கும் அறுத்துக்கட்டு அவர்கள் பக்கம் வழக்கமுண்டு. ஆனாலும் அந்த வயதில் ஒரு கல்யாணமா என்று தெரு கொஞ்சநாள் வாயைக் கோணியது. பால்சாமியின் அக்கா சீனியம்மாள் மட்டும் சந்தோஷப்பட்டாள். அக்கா புருஷன் முனியசாமிதான் அடுத்த வருஷம் ஆடி அமாவாசைக்கு ராமேசுவரம் போகலாம் என்று பேச்செடுத்தார். யுத்தத்தில் பிடுங்கிப்போன தண்டவாளத்தைத் திரும்பப் போட்டு, போடிக்கு மறுபடியும் ரயில் வந்துவிட்ட புதுசு. காய் வரத்து தொடங்குமுன் கிட்டங்கியிலும் சோலி குறைவு. தெருவிலிருந்து ஒரு கூட்டமே கிளம்பியது.

அக்னி தீர்த்தத்தில் அலையே இல்லை. கரை நெடுக ஈரத்துணியும் வாழையிலையும் எள்ளுச்சோறும். தண்ணீரில் தலைக்கு மேல் தலை. ஐயர் பெயர்களைக் கேட்டுக்கொண்டே வந்தார். பால்சாமி அப்பன், ஆத்தாள், முதல் சம்சாரம் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, கடைசியில் "கண்ணுச்சாமி" என்றார்.

"அது யாருப்பா, பங்காளியா?"

"இவ வீட்டுக்காரரு" என்றார் பால்சாமி.

முனியசாமி திரும்பிப் பார்த்தார். சந்திரவல்லி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். இத்தனை வருஷத்தில் அந்தப் பெயரை வேறொருவர் வாயால் அவள் கேட்டதேயில்லை. அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. நெஞ்சுக்குள் இறுகிக் கிடந்த ஒன்று மெல்ல இளகியது.

கோயிலுக்குள் தீர்த்தமெல்லாம் ஆடி, சாமி கும்பிட்டுச் சத்திரத்துக்கு வந்தபோது அவள் கணவரிடம் சொன்னாள், "இம்புட்டுத் தூரம் வந்துட்டு அலையப் பாக்காமப் போறதாங்க? கடல்னா இம்புட்டுத்தானா?"

பால்சாமி துண்டை உதறித் தோளில் போட்டார். எழுந்து வெளியே போனார். சங்கும் சோழியும் பரப்பி வைத்திருந்த ஒரு பெண்ணிடம், "தாயி, இந்தத் தீவுல அழகான கரை எது?" என்று கேட்டார்.

அவள் சிரித்துவிட்டாள். "எல்லாரும் கோயிலுக்கு வழி கேப்பாக. கரைக்கு வழி கேட்ட மொத ஆளு நீங்கதான்." பிறகு கையை நீட்டிச் சொன்னாள். விடியற்காலைக்கு ஓலைக்குடா. அலை பார்க்க வேண்டுமென்றால் தனுஷ்கோடி. பாம்பனுக்குப் போய் வண்டி மாற வேண்டும்.

மறுநாள் வெளுக்கும் நேரத்தில் இருவரும் ஓலைக்குடாவுக்கு நடந்தார்கள். தென்னைகளுக்கு அடியில் வலை காய்ந்துகொண்டிருந்தது. கரையோரம் பாறையும் பாசியும். தண்ணீர் கண்ணாடியாகக் கிடந்தது. குனிந்து பார்த்தால் கல்லுக்கிடையில் நூல் மாதிரி மீன்கள். அழகுதான். ஆனாலும் அவள் மனம் அடங்கவில்லை.

சத்திரத்துக்குத் திரும்பி, தனுஷ்கோடிக்கும் போய்வருகிறோம் என்றதும் முனியசாமிக்குக் கோபம் வந்துவிட்டது. "சாயங்காலம் வண்டிக்குக் கிளம்பணும். நீங்க ஊர் சுத்தப் போறீகளா? சாமி காரியத்துக்கு வந்த எடத்துல என்ன வேடிக்கை?"

"வண்டிக்கு வந்துருவோம்ணே" என்றாள் சந்திரவல்லி. அப்படித்தான் அவளும் நம்பினாள்.

தனுஷ்கோடியில் இறங்கியதும் காற்று அவள் சேலையைப் பிடித்து இழுத்தது. குரங்கணியில் ஆடிக்காற்று வீசுகிற அதே வேகம், வாசனைதான் வேறு. ஸ்டேஷனைத் தாண்டியதும் மணல். மணலில் மீன் காயப்போட்டுக்கொண்டிருந்த இருளம்மாள் என்பவள் இவர்களைப் பார்த்ததும் விவரம் சொன்னாள். வடக்கே இருப்பது பெண்கடல், இறங்கிக் குளிக்கலாம். தெற்கே ஆண்கடல், முழங்காலுக்கு மேல் இறங்கக்கூடாது. இரண்டும் சேருகிற முனை கிழக்கே இருக்கிறது, நடக்கத் தெம்பிருந்தால் போகலாம்.

முதலில் பெண்கடல் பக்கம் போனார்கள். கரையோரம் இளம் ஏலக்காயின் பச்சை. கொஞ்சம் தள்ளி மயில்கழுத்து நிறம். அதற்கப்பால் கருநீலம். காய் நிறம் பார்த்தே கண் பழகியவள் அவள். எந்த இடத்தில் ஒரு நிறம் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று பிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. தோற்றுப்போனது அவளுக்குப் பிடித்திருந்தது.

மணல்மேட்டைக் கடந்து தெற்கே இறங்கியதும் இரைச்சல் காதை அடைத்தது. அலை ஒன்று ஆள் உயரத்துக்கு எழும்பி, மடிந்து, வெள்ளையாகச் சிதறி அவள் காலடி வரைக்கும் ஓடி வந்தது. மண் சரிந்த அன்றைக்கும் மலை இப்படித்தான் இரைந்தது. அவள் அப்படியே நின்றாள். வந்த தண்ணீர் கணுக்காலை நனைத்துவிட்டுத் திரும்பிப் போனது. மறுபடி வந்தது, மறுபடி போனது. எதையும் கொண்டுபோகவில்லை. அவள் கைகளை அகல விரித்துக்கொண்டு சிரித்தாள். வாய்விட்டு, சத்தமாக, அலைக்குப் போட்டியாக.

திரும்பிப் பார்த்தால் பால்சாமி மேட்டின் மேலேயே நிற்கிறார்.

"வாங்க கீழ."

"இங்கிட்டிருந்தே நல்லாத் தெரியுது."

"பயமா இருக்கா?"

அவர் மீசையைத் தடவினார். "வண்டிமாடு மெரண்டா மூக்கணாங்கயத்தப் பிடிச்சு நிறுத்திருவேன். இதுக்கு எங்க கயிறு கெடக்கு?"

அவள் மேடேறிப் போய் அவர் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். நாலு பேர் பார்க்கிற இடத்தில் அவள் அவர் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை. பார்ப்பதற்குத்தான் அங்கே நாரைகளைத் தவிர யாருமில்லை. முதல் அலை வந்தபோது அவர் அவள் தோளைக் கெட்டியாகப் பற்றிக்கொண்டார். அடுத்த அலைக்கு அவரும் சிரித்துவிட்டார்.

முனைக்கு நடந்தே போனார்கள். இரண்டு கடலும் முட்டிக்கொள்கிற அந்த நாக்கு மாதிரி மணலில், எதிரெதிராக வந்த அலைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி விளையாடின. உலகத்திலேயே அழகான கரை இதுதான் என்று அவளுக்குத் தோன்றியது. வேறு கரை பார்த்ததில்லையே என்ற எண்ணமே வரவில்லை. திரும்பி வந்தபோது ரயில் போய்விட்டிருந்தது. இருளம்மாள் குடிசையில் மீன்குழம்பும் சோறும் கிடைத்தன. சந்திரவல்லி முந்தியில் முடிந்திருந்த ஏலக்காயைத் தட்டிப் போட்டு எல்லோருக்கும் கருப்பட்டிக் காப்பி வைத்துக் கொடுத்தாள்.

ஒருநாள் பிந்தி போடி ஸ்டேஷனில் இறங்கியபோது சீனியம்மாள் ஓடி வந்து தம்பியைக் கட்டிக்கொண்டு அழுதாள். இருவரையும் கடல் கொண்டுபோய்விட்டது என்று தெருவில் பேச்சாகியிருந்தது. முனியசாமி பல நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

கிட்டங்கியில் கதை வேறு மாதிரிப் போனது. காய் பொறுக்கிக்கொண்டே சந்திரவல்லி சொல்வாள். சுற்றி உட்கார்ந்திருக்கும் பெண்களின் கைகள் மெதுவாகிவிடும். கணக்குப்பிள்ளை வந்து அதட்டினால், "அந்த அலை எம்புட்டு ஒசரம்னு மட்டும் கேட்டுக்கிர்றோம்" என்பார்கள். அடுத்த ஆடி வருவதற்குள் பலபேர் அவளிடம் வந்துவிட்டார்கள்: "எங்களையும் கூட்டிட்டுப் போக்கா."

"பொம்பளைக தனியாவா?" என்று முனியசாமி குறுக்கே விழுந்தார்.

"நான் கூடப் போறேன் மச்சான்" என்றார் பால்சாமி. "ஆனா முழங்காலுக்கு மேல எறங்க மாட்டேன்."

அந்த வருஷம் போன பெண்கள் கோயிலையும் கும்பிட்டார்கள், கடலையும் பார்த்தார்கள். அமாவாசைக் காரியத்துக்கு மட்டும்தான் வருகிறேன் என்று அடித்துச் சொல்லியிருந்த மருதாயி, பெண்கடலில் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்துகொண்டு, கரையிலிருந்தவர்கள் "வெரசா வா, வண்டி போயிரும்" என்று கூப்பிடக் கூப்பிட எழுந்திருக்கவேயில்லை. சீனியம்மாள் போய்த் தூக்கிவிட வேண்டியதாயிற்று. தூக்கப் போனவளும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

மறு வருஷம் பக்கத்து ஊரான ராசிங்காபுரத்திலிருந்து சில பெண்கள் கிட்டங்கி வாசலுக்கே வந்து சந்திரவல்லியைத் தேடினார்கள். "கடலுக்குக் கூட்டிட்டுப் போற அக்கா யாரு?" என்று கேட்டார்கள். சொளகைக் கீழே வைத்துவிட்டு அவள் எழுந்து வந்தாள்.