சந்தனம்மாள் போட்ட பூட்டு

சந்தனம்மாள் சரியான பயந்தாங்கொள்ளி. நாற்பத்திரண்டு வயதாகியும் பல்லி கத்தினால் கிளம்பின பயணத்தை விட்டுவிடுவாள். புருஷன் லாரியில் லோடு ஏற்றிப் போனால் வர வாரமாகும். பிள்ளை பிடிக்கிறவர்கள் சுற்றுகிறார்கள் என்று போனில் வந்த புரளியை எழுத்துக்கு எழுத்து நம்பினாள். ஆனால் ஒரு விஷயத்தில் பெரிய மனுஷி. தாகமென்று வந்தவருக்கு முதலில் செம்பை நீட்டுவாள், ஊர் பேர் கேட்பதெல்லாம் குடித்த பிறகுதான்.

அன்று உச்சி வெயிலில் அவள் மிளகாய்த் தோட்டத்துக்கு ஒருத்தி மூன்று வயதுப் பிள்ளையோடு வந்து நின்றாள். இருவரும் குடித்தார்கள்.

"எந்தூரு தாயி?"

"இலங்கை அக்கா. படகில வந்தனாங்கள். அகதி முகாமில என்ர தமக்கை இருக்கிறா. போலீசுக்குப் பயந்து நடந்து வாறம்."

போலீஸ் என்றதுமே சந்தனம்மாளுக்குப் போனில் வந்த புரளி ஞாபகம் வந்தது. பிள்ளை வேறு வீறிட்டு அழுதது. யார் பெற்ற பிள்ளையோ! "வெயிலு கொளுத்துது, மோட்டார் ரூமுல செத்த உக்காரு" என்று செம்போடு உள்ளே அனுப்பி, கதவைப் பூட்டிவிட்டாள், பாவி. ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் கதவோரம் நின்றே பேசியும் அனுப்பினாள்: "பிள்ளை பிடிக்கிறவள அடைச்சு வச்சிருக்கேன், ஓடியாங்க!"

உள்ளே கதவைத் தட்டுகிற சத்தமே இல்லை. அந்தப் பெண் பிள்ளையிடம் மெதுவாகச் சொல்வதுதான் கேட்டது.

"அழாதை ராசாத்தி. ஆரோ எங்களைத் தேடி வருகினம். அதுதான் பெரியம்மா எங்களை ஒளிச்சு வைச்சிருக்கிறா."

ஐயோ! தான் செய்தது என்னவென்று சந்தனம்மாளுக்கு அப்போதுதான் உறைத்தது. தூரத்தில் பைக்குகள் உறுமின. சாவி பூட்டில் நுழையமாட்டேன் என்றது. எப்படியோ திறந்து உள்ளே பாய்ந்து தாழ்ப்பாள் போட்டாள்.

"மதினி, தொறங்க! அவள நாங்க பாத்துக்கிடுறோம்!" கொழுந்தன் தங்கபாண்டி கதவை உதைத்தான். கூட இருபது பேர் சத்தம்.

"தொறக்க மாட்டேன்! நான் சொன்னது பொய்யிடா! இவ என் கையால தண்ணி வாங்கிக் குடிச்சவ. மொதல்ல என்னைய அடிச்சுக் கொன்னுட்டு இவளத் தொடுங்க! முகாமுல இவ அக்கா இருக்காளாம், போயிக் கூட்டிட்டு வாங்க!"

உதை நின்றது. முகாமுக்கு யார் போவதென்று வெளியே பேசிக்கொண்டார்கள். சந்தனம்மாள் தாழ்ப்பாளிலிருந்து கையை எடுக்கவில்லை. செம்பில் ஒரு வாய்த் தண்ணீர் மிச்சமிருந்தது. அந்தப் பெண் அதை நீட்டினாள்.

"குடியுங்கோ அக்கா."

"ஒன்னைய ஒளிச்சு வைக்கப் பூட்டல தாயி" என்று அழுதாள் சந்தனம்மாள்.

"தெரியும் அக்கா. பிள்ளைக்காகத்தான் அப்பிடிச் சொன்னனான். குடியுங்கோ."