கட்டிப்போட்ட கப்பலில் கடல் மயக்கம்

துறைமுகத்தில் கட்டிப்போட்டிருந்த கப்பலிலேயே மனைவி சாந்திக்குக் கடல் மயக்கம் வந்துவிட்டதாகக் கண்டுபிடித்த மேதை நான். பயணத்துக்கு முன் அதைப் பற்றி நிறையப் படித்திருந்தேன். படித்ததை எங்காவது காட்ட வேண்டாமா?

பினாங்கிலிருந்து லங்காவிக்கு உல்லாசப் பயணம். மதியச் சாப்பாடு கப்பலில்தானே என்று சாந்தி வீட்டிலேயே இன்சுலின் போட்டுக்கொண்டாள். ஆனால் துறைமுகத்தில் பயணிகளின் சோதனை வரிசை நகரவே இல்லை. ஒருவழியாகக் கப்பலில் எங்கள் அறைக்குள் நுழைந்தபோது அவளுக்கு வியர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது.

"ஏங்க, ஏதாச்சும் சாப்பிடணும்போல இருக்கு."

"இந்த மயக்கத்துல சாப்பிட்டா வாந்திதான் வரும். பேசாம படு," என்று நெற்றியில் தைலம் தேய்த்தேன்.

சற்று நேரத்தில் அவள் பேச்சு குழறியது. என்னை யாரோ போலப் பார்த்தாள். பயந்துபோய் மருத்துவ அறைக்குப் போன் செய்தேன். ஓடி வந்த நர்ஸ், பினாங்கின் பத்து காவான் ஊரைச் சேர்ந்த தமிழ்ப் பெண். விரலில் குத்தி ரத்தத்தைச் சோதித்தாள். சாந்தியால் விழுங்க முடிகிறது என்று தெரிந்ததும் ஆரஞ்சு ஜூஸை மெல்லக் குடிக்க வைத்தாள்.

"கடல் மயக்கம்தானே?" என்றேன்.

"அங்கிள், கப்பல் இன்னும் நகரவே இல்லலா! ஊசி போட்டுட்டுச் சாப்பிடல, சுகர் இறங்கிருச்சு. அப்படியே தூங்க விட்டிருந்தா, ஆன்ட்டி எழுந்திருக்கவே மாட்டாங்க."

சாந்தி தெளிந்து, "ஏன் அழறீங்க?" என்று கேட்டபோதுதான் நான் அழுவது எனக்கே தெரிந்தது.

இப்போதெல்லாம் சாப்பாடு கண்ணெதிரே வந்த பிறகுதான் ஊசி. அவளுக்காக என் சட்டைப்பையில் எப்போதும் மிட்டாய் இருக்கும். இதை மகளிடம் பெருமையாகச் சொன்னேன்.

"எனக்குன்னுதான் வாங்குறாரு," என்றாள் சாந்தி. "வாரத்துக்கு ஒரு பாக்கெட் தீருது. நான் இன்னும் ஒண்ணுகூடத் தின்னல."