கருப்பிக்கு வெட்டிய குட்டை

எங்கள் சித்தப்பாவுக்குத் தோண்டத் தொடங்கினால் நிறுத்தத் தெரியாது. திருச்செங்கோட்டு ரிக் வண்டியோடு ஊர் ஊராகப் போய் போர்க் கிணறு போடுகிறவர் அவர். ஆயிரம் அடி தாண்டினால்தான் வேலை செய்த மாதிரி இருக்கும் அவருக்கு. அந்தக் கோடையில் கோயில் பண்டிகைக்கு ஒரு மாத லீவில் வந்தவர், சும்மா இருக்க முடியாமல் எங்கள் வீட்டுப் பின்புறம் நாய்கள் வெயிலாற ஒரு குட்டை வெட்டினார்.

நாய்கள் இரண்டு. செவலை இளசு, ஓரிடத்தில் நிற்காது. கருப்பி கிழவி, பின்னங்கால் ஒன்றை இழுத்து நடப்பாள். வடக்கே எங்கோ போர் போட்ட இடத்தில் குட்டியாகக் கிடந்தவளைச் சித்தப்பாதான் லாரி கேபினில் வைத்துக் கொண்டுவந்தார். 'சலோ' என்றால்தான் நகர்வாள். எங்கள் நாய்க்கு இந்தி தெரியும் என்று பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொள்வேன். சித்தப்பா மாதக்கணக்கில் இல்லாதபோதும், லாரிச் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடுவாள். அந்த வருடம் அவளால் ஓட முடியவில்லை. தண்ணீர்த் தொட்டியடிச் சேற்றில் வயிற்றை வைத்து, நாக்கைத் தொங்கப்போட்டுக் கிடந்தாள். அதைப் பார்த்துத்தான் சித்தப்பா கடப்பாரையை எடுத்தார்.

முழங்கால் ஆழம் போதும் என்றார் அப்பா. சித்தப்பா தலையாட்டிக்கொண்டே தோண்டினார். முடித்தபோது பத்து வயதுப் பெண்ணான எனக்கு மார்பளவு இருந்தது. கோழிப்பண்ணையில் சாரலுக்குக் கட்டும் நீலப் படுதாவைக் குழியில் விரித்தார். ஒரு பக்கத்தை மட்டும் சரிவாகச் செதுக்கி, அங்கே படுதாவின்மேல் தவிட்டுச் சாக்கைப் போட்டார். சாக்கின் ஓரத்தை இரண்டாக மடித்து, மடிப்பின்மேல் கல் வைத்தார். எதையும் அப்படித் திருத்தமாகச் செய்வது அவர் வழக்கம்.

"சாக்க மட்டும் எடுத்துப்போடாத சாமி. படுதா வழுக்கும். கெழவி எறங்கீருவா, ஏற மாட்டா."

"சரிங்க சித்தப்பா" என்றேன்.

முதல் நாள் கருப்பி சாக்கின்மேல் ஒவ்வொரு காலாக வைத்து இறங்கினாள். கழுத்தளவுத் தண்ணீரில் சரிவிலேயே உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். சித்தப்பா அவளைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். அம்மா சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்து வரவில்லை.

நான்காம் நாள் மதியம், சோறு உண்டுவிட்டு எல்லோரும் படுத்திருந்தார்கள். எனக்குப் பூங்காவில் பார்த்த சறுக்கு மரம் ஞாபகம் வந்தது. கல்லைத் தள்ளிவிட்டு, சாக்கை உருவிக் கறிவேப்பிலைச் செடியடியில் எறிந்தேன். படுதா அருமையாக வழுக்கியது. சறுக்கி விழுவேன், விளிம்பைப் பிடித்துக் கையூன்றி ஏறுவேன், மறுபடி சறுக்குவேன். கை இருப்பதால்தான் ஏற முடிகிறது என்று எனக்கு உறைக்கவில்லை. அலுத்ததும் உள்ளே போய்த் துணி மாற்றிக்கொண்டு தூங்கிவிட்டேன்.

அம்மாவின் கூச்சல் கேட்டு எழுந்து ஓடினேன். கருப்பி கரையில் கிடந்தாள். சித்தப்பா நனைந்த வேட்டியோடு பக்கத்தில் உட்கார்ந்து, துண்டால் அவள் காதைத் துடைத்துக்கொண்டிருந்தார். படுதாவின் விளிம்பெல்லாம் நகக் கீறல். நான் முதலில் சரிவைத்தான் பார்த்தேன். அங்கே சாக்கு விரித்திருந்தது. ஓரம் மடித்து, மடிப்பின்மேல் கல் இருந்தது.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நானேதான் திரும்பப் போட்டிருக்கிறேன், தூக்கக் கலக்கத்தில் மறந்துவிட்டேன் என்று முடிவு செய்துகொண்டேன்.

அப்பா சித்தப்பாவைப் பிடித்துக்கொண்டார். "மொழங்கால் ஆழம் போதும்னு தலபாடா அடிச்சுக்கிட்டனே, கேட்டயா? குழி வெட்டிக் கொன்னுபோட்டியே!"

சித்தப்பா நிமிரவில்லை. "ஆமாங்கண்ணா. ஆழம் எச்சாப் போச்சுங்க."

அந்தக் குழியிலேயே கருப்பியைப் புதைத்தார். லீவு இன்னும் மிச்சமிருந்தது; ஆனாலும் மூன்றாம் நாளே ரிக்குக்குக் கிளம்பினார். "வாரஞ் சாமி" என்று என் தலையில் கை வைத்தார். அதை எடுக்கக் கொஞ்ச நேரமானது. அப்பா திட்டியதற்குக் கோபித்துக்கொண்டு போகிறார் என்றுதான் நினைத்தேன்.

அதற்குப் பிறகு எந்த விசேஷத்திலும் பந்தக்கால் நட அவர் கடப்பாரையைத் தொட முடியாது. "நாய்க்குக் குளம் வெட்டுன ஆளு வந்துட்டாரு, எல்லாரும் தள்ளி நில்லுங்க" என்று சொந்தக்காரர்கள் கேலி செய்வார்கள். அவரும் மெல்லச் சிரிப்பார். அவர்களோடு சேர்ந்து நானும் சிரித்திருக்கிறேன். அதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

நான் எழுந்ததும் போர்வையைக்கூட மடித்து வைக்காத பிள்ளை. அம்மா தினமும் அதற்காகத் திட்டுவாள். அன்றைக்கு அந்தச் சாக்கின் ஓரத்தை யார் மடித்தது என்று பல வருடம் எனக்குத் தோன்றவே இல்லை.