தேங்காய் பறித்தது யார்

எங்கள் வளவில் தேங்காய் பறிக்கும் நாளென்றால் தில்லையடியிலிருந்து மாமி வந்துவிடுவார். வாப்பா கட்டாரில் வேலை செய்தார். ஆண்கள் இல்லாத வீட்டுக்குள் தேங்காய் பறிக்கிறவர் வந்துபோனால் ஊர் ஒரு மாதிரிக் கதைக்கும். அதனால் வாப்பாவின் மூத்த சகோதரியான மாமி முற்றத்தில் கதிரையைப் போட்டுக் காவல் இருப்பார். போகும்போது நல்ல காய்களாகப் பார்த்து ஓர் உரப்பையில் கட்டிக்கொண்டும் போவார். காவல் என்றால் சும்மாவா?

யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. எனக்குப் பத்து வயது. அந்த வருடம் மாமி வராமலே, எங்கள் ஊரான கண்டக்குழியில், குசினிக்குப் பின்னால் தேங்காய் குவியத் தொடங்கியது. கேட்டால், "விழுந்தது மகள்" என்பார் உம்மா. விழுகிற காய்க்குக் காம்பில் கத்தி வெட்டு எப்படி வரும்?

நான் உம்மாவைச் சந்தேகப்பட்டேன். குர்ஆன் ஓதப்பள்ளியிலிருந்து வரும்போது கேற் உள்பக்கமாகப் பூட்டியிருந்தது. உம்மாவின் முன்கையில் சிராய்ப்பு. அலுமாரியில் உடுப்புகளுக்கு அடியில் நைலோன் கயிறு. "ஒங்கட வீட்டுக்கு யாரோ வாறாமே" என்று கூடப் படிக்கிறவள் கேட்டபோது அவளோடு சண்டை பிடிக்கவும் எனக்கு மனம் வரவில்லை. எனக்கும் அதே கேள்விதான் இருந்தது.

ஒருநாள் ஓதப் போகாமல் தண்ணீர் மோட்டர் கொட்டிலுக்குப் பின்னால் ஒளிந்திருந்தேன். எவனும் வரவில்லை. வாப்பாவின் பழைய நீளக் காற்சட்டையைப் போட்டுக்கொண்டு உம்மாதான் வந்தார். இரண்டு கயிறுகளை மரத்தில் சுற்றி, சுற்றுகளுக்கு உள்ளாலேயே நுழைத்து இழுத்தார். தொங்கும் வளையத்தில் பாரம் விழுந்தால் அந்த முடிச்சு மரத்தை இறுக்கிப் பிடிக்கும்; பாரத்தை எடுத்தால் இளகி மேலே நகரும். எங்கள் ஊரில் தேங்காய் பறிக்கிறவர்கள் யாரும் அப்படிக் கட்டுவதில்லை. அந்த வருடங்களில் எங்கள் கடற்கரையில் எழும்பிய காற்றாலைக் கோபுரங்களில் ஏறுகிறவர்களின் கயிற்றில் பின்னாளில் கண்டிருக்கிறேன். ஒரு வளையத்தில் உட்கார்ந்து, மற்றதில் கால்வைத்து, மாறி மாறி நகர்த்தி உம்மா ஏறிப்போனார். எனக்கு வந்த நிம்மதியில் அழுதேவிட்டேன்.

ஆனால் கதை அதற்குள் தில்லையடி போய்ச் சேர்ந்திருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை மாமி வந்து, நேராகக் குசினிக்குப் பின்னால் போய்க் குவியலைப் பார்த்தார். வரும் வழியில் தேங்காய் பறிக்கிறவரையே பஸ்ஸில் கண்டு விசாரித்திருக்கிறார்.

"அவரு இந்தப் பக்கம் வந்து கன நாளாம். அப்ப ஆரு புள்ள மரத்துல ஏறின?"

உம்மா குனிந்து சிதறிய காய்களைக் குவியலில் அடுக்கினார்.

"தம்பிக்கு இண்டைக்கே சொல்லுவன். வீட்டப் பூட்டிட்டு ரெண்டு பேரும் என்னோட வந்து இரிங்க."

மாமியின் வீட்டில் இருப்பது என்றால் தும்முவதற்கும் காரணம் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டை விட்டுப் போக எனக்குக் கொஞ்சமும் விருப்பமில்லை.

"உம்மாதான் ஏறின. நான் கண்ட," என்றேன்.

மாமி நம்பவில்லை. உம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு உள்ளே போய்க் காற்சட்டையோடும் கயிற்றோடும் வந்து, முற்றத்து மரத்தில் மாமியின் தலைக்கு மேலே ஏறிக்காட்டினார். உம்மா கால்வைத்திருந்த கயிற்றின் முடிச்சை மாமி எட்டி அசைத்துப் பார்த்தார். அது அசையவில்லை. அவருடைய கோபம் மெல்ல இறங்குவதை முகத்தில் கண்டேன்.

"இத ஒனக்கு ஆரு காட்டித் தந்த?"

"ஃபோன்ல பாத்துப் படிச்ச மதினி," என்றார் உம்மா, இறங்காமலே.

மாமிக்கு ஃபோனைப் பற்றி ஒன்றும் தெரியாது. இப்போது எல்லாம்தான் அதில் வருகிறதாமே என்று தலையாட்டினார். வாப்பாவிடம் எதுவும் சொல்லவில்லை. நாங்கள் வீட்டை விட்டுப் போகவுமில்லை.

எங்களிடம் இருந்தது படமே வராத பட்டன் ஃபோன். மாமியை உம்மா எவ்வளவு லேசாகப் பேய்க்காட்டிவிட்டார் என்று அன்று முழுக்க எனக்குள் சிரித்துக்கொண்டிருந்தேன். காட்டித் தந்தவர் யார் என்று சொல்லாமல் உம்மா ஏன் ஒரு பொய்யைச் சொன்னார் என்று கேட்க எனக்குத் தோன்றவேயில்லை.